கறுப்புப் பிசின் மூடுவதற்கு முன்

புது வீட்டுச் சாவி 2024 ஜூன் நடுவில் கைக்கு வந்தது. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். அதற்குள் பால் காய்ச்ச வேண்டும், தவறினால் ஆவணிதான். நாத்தனார் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆனியிலேயே இரண்டு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். ரினோவேஷன் தவுக்கேயைக் கேட்டேன். "மூணு வாரத்துல முடிச்சிடலாம் ஆண்டி, இன்னிக்கே முன்பணம் குடுங்க" என்றார். கிச்சன் கேபினெட், பிளாஸ்டர் சீலிங், டிவி மாட்ட ஒரு அலங்காரச் சுவர், ஹால் முழுக்க மஞ்சள் விளக்கு. படமெல்லாம் அவர் கைப்பேசியில் தயாராக இருந்தது.

ஆவணிக்கே வைத்துக்கொள்ளலாம் என்றேன். வீட்டில் எல்லாருக்கும் மனத்தாங்கல். புது வீட்டை இரண்டு மாதம் பூட்டி வைப்பார்களா என்று அம்மாகூடக் கேட்டார். ஆனால் இந்த வீட்டு விஷயத்தில் நான் எடுத்த உருப்படியான முதல் முடிவு அதுதான். அந்த இரண்டு மாதம் இல்லாமல் போயிருந்தால் முதல் மூன்று வாரத்திலேயே வீட்டு வேலைக்கென்று ஒதுக்கிய முப்பதாயிரம் வெள்ளியும் சீலிங்கில் ஏறியிருக்கும்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பிறகு வருவதெல்லாம் அதிலிருந்து கிளம்பியதுதான். சுங்கை வேயில் ஃப்ரீ ட்ரேட் ஸோன் என்று எல்லாரும் சொல்லும் தொழிற்பேட்டை 1972இல் வந்தது. நான் 1983இல், பத்தொன்பது வயதில், அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். தோட்டத்து லயன் வீட்டிலிருந்து வந்த பிள்ளை. நீல கோட்டுப் போட்டுக்கொண்டு பெருக்காடியில் கண்ணை வைத்தவள், 2024இல் அறுபது வயதில்தான் எழுந்தேன். பணி ஓய்வு வயதை 60 ஆக்கும் சட்டம் 2013 ஜூலையில் வந்திருக்காவிட்டால் ஐந்து ஆண்டு முன்பே எழுந்திருப்பேன்.

நாங்கள் செய்தது ஐ.சி. எனும் மின்னணுச் சில்லு. சில்லிலிருந்து காலுக்குத் தங்கக் கம்பி இழுப்பார்கள். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா, வளைவு சாய்ந்திருக்கிறதா, பக்கத்துக் கம்பியைத் தொடுகிறதா என்று பெருக்காடியில் பார்ப்பது என் வேலை. அதன்பிறகு மோல்டிங். கறுப்புப் பிசின் வந்து மூடிவிடும். மூடிய பிறகு கம்பி தப்பென்றால் சில்லே குப்பைக்குத்தான். வெளியே அச்சடிக்கும் எழுத்து கோணலாக இருந்தாலோ, கால் வளைந்திருந்தாலோ பரவாயில்லை, சரிசெய்துகொள்ளலாம். அதனால் சூப்பர்வைசர் எங்களைத் திட்டுவதெல்லாம் மூடுவதற்கு முன்னால்தான்.

புது வீட்டில் என்ன செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று குழம்பியபோது இந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டேன். சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போகிறதா? குடிபோவதற்கு முன் செய். சுவரின் மேல் தொங்குவதா? இருந்து பார்த்துவிட்டுச் செய்.

வீட்டைப் பற்றி. முப்பத்துநான்கு ஆண்டு சுங்கை வே எஸ்எஸ்9ஏ பக்கம் இரட்டை மாடி டெரஸ் வீட்டில் இருந்தோம். படுக்கையறை மூன்றும் மாடியில். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர், இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. அம்மாவுக்கு 86. வெளியே சக்கர நாற்காலி, வீட்டுக்குள் நடைச்சட்டம். மாடிப்படி பதினான்கு. அதை ஏறி இறங்க முடியாமல் இரண்டு ஆண்டாக ஹாலில் மெத்தை போட்டுக் கிடந்தோம். 2021இல் அதே வட்டாரத்தில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி வீடு ஒன்றுக்கு ஒப்பந்தம் போட்டோம். 850 சதுர அடி, மூன்று அறை, இரண்டு குளியலறை.

அதே காசுக்கு ரவாங்கிலோ செமினியிலோ ஒற்றை மாடித் தரைவீடு, வாசலில் முருங்கை வைக்க இடத்தோடு, கிடைத்திருக்கும். சொந்தக்காரர்கள் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அம்மாவின் மருந்துச் சீட்டு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில். மீன்காரரிடம் கடன் சொல்லுமளவு பழக்கம். ஸ்ரீ செத்தியா கேடிஎம் ரயில் நிலையத்துக்கு நடந்து போகலாம். சமையலறையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், வீடு இருக்கும் இடத்தை மாற்ற எந்தத் தவுக்கேயாலும் முடியாது.

ஆனி மாதம் முழுக்க நாங்கள் அந்தக் காலி வீட்டில் செய்தது சும்மா உட்கார்ந்திருந்ததுதான். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பிளாஸ்க் தேநீர். காலை ஏழு மணிக்கு ஒருநாள், மத்தியானம் மூன்று மணிக்கு ஒருநாள், இரவு பத்து மணிக்கு ஒருநாள். பெரிய படுக்கையறை மேற்கே பார்த்தது. மூன்று மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல். அம்மாவை அங்கே படுக்க வைக்கத்தான் நினைத்திருந்தோம், ஏர்கோனுக்கு விலையும் கேட்டாகிவிட்டது. உட்கார்ந்து பார்த்ததில் அம்மாவை நடு அறைக்கு மாற்றினோம். அங்கே மின்விசிறியே போதும். ஒரு ஏர்கோனும் அதன் மாதாந்திர மின்கட்டணமும் அப்படியே மிச்சம்.

பிறகு சாக்பீஸ். கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் அளந்து தரையில் கோடு போட்டேன். அம்மாவைச் சக்கர நாற்காலியோடு அழைத்து வந்து அந்தக் கோடுகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனோம். நாற்காலியின் அகலம் 63 சென்டிமீட்டர், குளியலறைக் கதவைத் திறந்தால் கிடைக்கும் வழி 66. போகிறது. ஆனால் சக்கரத்தைத் தள்ளும் கை விரல் சட்டத்தில் உரசுகிறது. வரைபடத்தில் இதெல்லாம் தெரியவே தெரியாது. வயதானவர் இருக்கிற வீடென்றால், எதையும் வாங்குவதற்கு முன் அவரை அந்தக் காலி வீட்டுக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். அம்மா அன்றைக்கு எட்டுக் குறை சொன்னார். அதில் ஆறு சரி.

மேம்படுத்துவது இருக்கட்டும், கொடுத்ததே ஒழுங்காக இருக்கிறதா என்பது முதல் வேலை. 50 சென் காசு ஒன்றை எடுத்துக்கொண்டு தரை ஓடு ஒவ்வொன்றையும் தட்டினேன். அடியில் சிமெண்டு நிறைந்திருந்தால் 'டிக்' என்று கேட்கும், பொள்ளலாக இருந்தால் 'டொக்'. நடு அறையில் பதினொன்று டொக். ஒவ்வொன்றிலும் நீல டேப் ஒட்டி, தேதியோடு படம் எடுத்தேன். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அது எங்கே தேங்குகிறது என்று பத்து நிமிடம் நின்று பார்த்தேன். வடிகால் வாயை அடைத்து ஒருநாள் முழுக்கத் தண்ணீர் தேக்கினோம். மறுநாள் எட்டாவது மாடிக்காரரிடம் கேட்டு, அவர் குளியலறைக் கூரையை டார்ச் அடித்துப் பார்த்தோம். காய்ந்தே இருந்தது. மனம் நிம்மதியானது, கூடவே ஒரு அண்டை வீட்டுப் பழக்கமும் கிடைத்தது.

மலேசியாவில் புது வீட்டுக்குச் சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதம் கட்டுமானக் குறைகளுக்கு மேம்பாட்டாளர் பொறுப்பு. எழுத்தில் கொடுத்தால் 30 நாளில் சரிசெய்து தர வேண்டும். விலையில் 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். பாதி எட்டு மாதத்தில் போய்விடும், மீதி 24 மாதம் முடியும்போது. செய்து தராவிட்டால் செலவுக் கணக்கை எழுத்தில் கொடுத்துவிட்டு, வெளியாளை வைத்துச் செய்து, அந்தப் பணத்திலிருந்து கேட்கும் வழி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதற்கும் மேலே போனால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம், 50,000 வெள்ளிவரை வழக்கு, பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. நாங்கள் அதுவரை போகவில்லை. இரண்டு நினைவூட்டல் கடிதத்தில் பதினொரு ஓட்டையும் மாற்றிக் கொடுத்தார்கள், நிறம் ஒரு நூல் வித்தியாசத்தோடு.

இதில் ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை. நாம் உடைத்து மாற்றிய இடத்துக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். புதுத் தரையின் மேல் மரப்பலகை மாதிரி வினைல் ஒட்டிவிட்டு, அடியில் ஓடு பொங்குகிறது என்று போய் நின்றால், 'நீங்கள் ஒட்டியதால்தான்' என்பார்கள். ஆகவே எங்கள் வீட்டில் முதல் இரண்டு ஆண்டு தரையை யாரும் தொடக்கூடாது என்று முடிவு.

சமையலறைக்குத் தவுக்கே சொன்ன விலை 25,000 வெள்ளி. ஒரு கடையில் அல்ல, மூன்று கடையில் அதைச் சுற்றித்தான் சொன்னார்கள். ஊழியர் சேமநிதியான இபிஎஃப் பணம் மொத்தமாகக் கண்ணில் தெரிகிற காலம் அது, 25,000 பெரிய தொகையாகவே தோன்றாது. நான் வேறு மாதிரி கணக்குப் போட்டேன். 2023க்கு இபிஎஃப் கொடுத்த ஈவு 5.50 விழுக்காடு. 25,000 அங்கேயே கிடந்தால் ஆண்டுக்கு 1,375 வெள்ளி, மாதத்துக்கு 114. அம்மாவின் இரவு டயப்பருக்கு அது போதும். அந்தக் கேபினெட்டுக்கு நான் சாகும்வரை மாதம் 114 வெள்ளி வாடகை கட்டுகிறேன் என்று வைத்துக்கொண்டு பார்த்தால், பளபளக்கிற கதவு கொஞ்சம் மங்கிவிடுகிறது.

7,500இல் முடித்தோம். கீழே கதவுக்குப் பதில் இழுப்பறை. குனிந்து, உட்கார்ந்து, உள்ளே கைவிட்டுத் துழாவும் வேலை இல்லை, இழுத்தால் குழம்புச் சட்டி தானே வெளியே வருகிறது. பழைய வீட்டிலிருந்து அடுப்பும் ஹூடும் கொண்டு வந்தோம். அம்மா உட்கார்ந்து வெங்காயம் உரிக்க, முட்டி உயரத்துக்குச் சற்று மேலே ஒரு பலகை இழுத்துக்கொள்கிற மாதிரி. தச்சருக்கு அது புரியவே இல்லை. "மேசையா இது, டிராயரா?" என்று கேட்டுக்கொண்டே செய்தார். வீட்டில் இன்று அதிகம் புழங்குவது அந்தப் பலகைதான். அம்மியைத்தான் கொண்டுவர முடியவில்லை. எட்டாவது மாடிக்காரரின் தலைக்கு மேல் காலை ஆறு மணிக்கு அம்மி இழுத்தால் பழக்கம் முறிந்துவிடும்.

மின்சார வேலைக்கு வந்தவர் நம்மவர் பையன் ஒருவர், எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன். முதலில் எல்லாச் சுவரையும் கைவிரலால் தட்டினார். "ஆண்டி, இது செங்கல் இல்ல. அலுமினிய அச்சுல ஊத்துன காங்கிரீட். கொத்தவும் கூடாது, கொத்த விடவும் மாட்டாங்க." வீட்டில் பாதிக்குமேல் சுவர் அப்படித்தான். பழைய டெரஸ் வீட்டில் நினைத்த இடத்தில் சுவரைக் கீறி வயர் புதைப்போம். புது அடுக்குமாடிகள் பலவற்றில் அது நடக்காது. எந்தச் சுவர் காங்கிரீட், எது கட்டுக்கல் என்று நிர்வாக அலுவலகத்தில் வரைபடம் கேட்டு வாங்கி, சிவப்புப் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொண்டேன். காங்கிரீட் சுவரில் வயர் போகும் வெள்ளை டிரங்கிங் வெளியே ஓடுகிறது. அழகில்லைதான். கேபினெட்டுக்கும் கட்டில் தலைமாட்டுக்கும் பின்னால் மறைத்தோம்.

அந்தத் தம்பியிடம் நான் சொன்னது, பிளக்கெல்லாம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வரவேண்டும் என்று. வழக்கமாக ஒரு அடியில் வைப்பார்கள், முட்டி தேய்ந்தவர் ஒவ்வொரு முறையும் மண்டியிட வேண்டும். படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போகிற வழி நெடுகத் தரையோரம் சின்ன விளக்கு, ஆள் நடந்தால் தானே எரியும். அறை விளக்கை வாசலிலும் அணைக்கலாம், கட்டிலிலிருந்தும் அணைக்கலாம். குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற தனி ஆர்சிசிபி. இதுவரை சொன்னவை யாருக்கும் தோன்றக்கூடியவை. அவர் சொல்லித் தெரிந்தது வேறு. "ஆண்டி, இப்ப கேஸ் அடுப்புதானே? ஆனா அடுப்புப் பக்கத்துல தனி சர்க்யூட் ஒண்ணு இழுத்து வச்சிடுங்க. பாட்டிக்கோ உங்களுக்கோ மறதி வந்தா இண்டக்ஷனுக்கு மாறணும், அன்னிக்கு கேபினெட்டக் கழட்டணும்."

எனக்கு வயதாவதை ஒரு பையன் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் இழுக்கச் சொன்னேன். ஒன்றும் மாட்டாத வெறும் மூடி அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதேபோல இரண்டாவது குளியலறையிலும் ஒன்று, சுடுநீர் பீச்சும் கழிவிருக்கை வாங்க வேண்டி வந்தால். பொருளை இன்றைக்கே வாங்க வேண்டாம். வயரை மட்டும் இழுத்து வைத்தால் போதும். மின்வேலைக்கு ஆன மொத்தச் செலவு 3,400 வெள்ளி.

குளியலறைக்குத்தான் அதிகம் யோசித்தோம். தரை ஓடு பார்க்க அழகு, சோப்புத் தண்ணீர் பட்டால் பனிக்கட்டி. கையோடு உடைத்து வழுக்காத ஓடு போடலாம் என்றார் தவுக்கே. இங்கேதான் சிக்கல். ஓட்டுக்கு அடியில் நீர்க்காப்புப் பூச்சு இருக்கிறது. உடைத்தால் அது கிழியும், மறுபடி ஒழுங்காகப் பூசினார்களா என்று நமக்குத் தெரியாது. அடுக்குமாடி நிர்வாகத்துக்கான 2015 விதிகளில் மாடிக்கு மாடி கசிவுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கண்டால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை மேல்வீட்டில்தான் கோளாறு என்று எடுத்துக்கொள்வார்கள். புகார் வந்தால் ஏழு நாளில் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும், சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டுக்காரருக்கு. ஓய்வுக்காலத்தில் அந்தப் பஞ்சாயத்து வேண்டாம் என்று தரையைத் தொடவில்லை.

ஆனால் வாசலில் இரண்டு அங்குல இறக்கம் இருந்தது. தண்ணீர் வெளியே வராமலிருக்க வைத்த இறக்கம். நடைச்சட்டத்துக்கு அது மலை. சரிவுப் பாதை வைக்கலாம் என்றால், ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும், அப்போதுதான் தள்ளுகிறவருக்கும் இருப்பவருக்கும் ஆபத்தில்லை. இரண்டு அங்குலத்துக்கு இரண்டடி. குளியலறையே ஐந்துக்கு ஏழு. சரிவு வைத்தால் நிற்க இடமில்லை. கடைசியில் இரும்புப் பட்டறைக்காரர் ஒருவர் அலுமினியச் சட்டத்தில் இடைவெளி விட்டுப் பலகை அடித்து, இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு மேடை செய்து கொடுத்தார். வாசலிலிருந்து கழிவிருக்கைவரை தரை ஒரே மட்டம். தண்ணீர் இடைவெளியில் இறங்கி அடியில் ஓடிவிடும். மூன்று துண்டாக இருப்பதால் எளிதில் தூக்கலாம், வாரம் ஒருமுறை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பாசி. அந்த வேலை வீட்டுக்காரருடையது. மாதம் இரண்டு முறைதான் செய்கிறார், கேட்டால் வாரம் ஒருமுறை என்பார்.

கதவு உள்பக்கம் திறந்தது. உள்ளே ஒருவர் விழுந்து கதவின் மேல் சாய்ந்துவிட்டால் வெளியிலிருந்து தள்ளவும் முடியாது. அதைக் கழற்றிவிட்டு, மடிந்து ஒதுங்கும் அலுமினியக் கதவு போட்டோம். விரல் உரசுவதும் நின்றது. தாழ்ப்பாள் வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பித் திறக்கிற மாதிரி. இரண்டு குளியலறைக்கும் செய்தேன். அம்மாவுக்கு மட்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்?

கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில் வைப்பது என்று நிறையப் பேர் அளவு சொன்னார்கள். எம்எஸ் 1184 என்று நாட்டின் தரநிலையே இருக்கிறது. ஆனால் அம்மா நாலடி பத்து, கூன் வேறு. அவரைக் கழிவிருக்கையில் உட்கார வைத்து, வலது உள்ளங்கையில் கோலமாவு தடவினேன். "எழுந்திரும்மா, எங்க கை போகுதோ அங்க வை" என்றேன். மூன்று முறை எழுந்தார். மூன்று முறையும் சுவரில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வெள்ளைக் கைத்தடம் விழுந்தது, பொதுவாகச் சொன்ன உயரத்துக்கு ஒரு சாண் கீழே, அரையடி முன்னால். அங்கேயே கம்பி வைத்தோம். உட்காரும்போது கை வேறு இடத்துக்குப் போகிறது. அதற்கு இன்னொரு கம்பி.

"எனக்கு எதுக்குடி இவ்ளோ கம்பி? ஜெயிலா இது?" என்றார்.

கம்பியைவிட முக்கியம் அது பிடித்திருக்கும் சுவர். அந்தச் சுவர் காங்கிரீட் இல்லை, எடை குறைந்த கட்டுக்கல். சாதாரண பிளாஸ்டிக் பிளக் போட்டுத் திருகினால் துண்டு மாட்டலாம், ஆள் பிடிக்க முடியாது. உறிஞ்சி ஒட்டுகிற கம்பி விற்கிறார்கள், அதை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது. துளைக்குள் ரசாயனப் பசை செலுத்தி ஆணி பதிக்கும் முறையைக் கேட்டு வாங்கினேன். பசை காய்ந்த மறுநாள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் 82 கிலோ. "தொங்குங்க" என்றேன். பட்டறைக்காரர் சிரித்தார். இவர் இரண்டு கையாலும் பிடித்து முட்டியை மடக்கித் தொங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பழக்கத்தில், கம்பியின் வட்டத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளி திறக்கிறதா என்று பார்த்தேன். நான்கில் ஒன்று திறந்தது. கழற்றி மறுபடி போடச் சொன்னேன். பட்டறைக்காரர் முகம் சுளித்தாலும் போட்டுக் கொடுத்தார்.

குளியலறைகளுக்கு மொத்தம் 6,800. அந்தக் காசில் பிளாஸ்டர் சீலிங் வந்திருக்கும்.

தப்புகளையும் சொல்ல வேண்டும். மகளின் பேச்சைக் கேட்டு மேல் கேபினெட்டைக் கூரை முட்ட வைத்தேன். தூசி சேராது, பார்க்க முழுமையாக இருக்கும் என்றாள். இருக்கிறது. மேல் தட்டில் என்ன வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. ஸ்டூலில் ஏறக்கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டதால், அங்கே இருப்பது இல்லாததுதான். சாமி மேடையை மட்டும் நெஞ்சளவு உயரத்தில் வைத்திருக்கிறேன். விளக்கேற்ற எக்கும்போது விழுந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

இரண்டாவது தப்பு பெரியது. 2025 ஜனவரியில் அம்மாவுக்கு நுரையீரலில் சளி கட்டி மருத்துவமனையில் சேர்த்தோம். வீட்டுக்கு வரும்போது ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்கு எடுத்தோம், படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தையோடு. அந்த மெத்தையின் பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும். சாக்பீஸில் வரைந்தது சாதாரணக் கட்டில், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும், அப்போதுதான் புரட்டிப் படுக்க வைக்கலாம். கட்டில் நடு அறைக்கு நடுவே வந்துவிட்டது. பிளக் எல்லாம் ஒரே சுவரில், தலைமாட்டுக்கு எதிர்ப்பக்கம். எக்ஸ்டென்ஷன் வயர் தரையில் குறுக்கே ஓடியது. வழியெல்லாம் விளக்கு வைத்த வீட்டில், அந்த வயரில் தடுக்கி விழுந்தது நான். முழங்கை வீங்கி மூன்று வாரம் இருந்தது. அம்மா தேறி நடைச்சட்டத்துக்குத் திரும்பிவிட்டார், கட்டிலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அந்த வயர்மேன் தம்பியை அழைத்து மற்ற இரண்டு சுவரிலும் பிளக் வைத்தேன். அப்போதே வைத்திருந்தால் கூட நூறு, நூற்றைம்பது வெள்ளி. இப்போது பெயிண்டோடு சேர்த்து நானூறு. பெரியவர்கள் படுக்கும் அறையில் மூன்று சுவரிலாவது பிளக் வையுங்கள். கட்டில் எப்போது எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது.

தண்ணீருக்கும் இடம் ஒதுக்கினோம். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் மாசு கலந்து சுத்திகரிப்பு நிலையங்களை மூடியபோது, சிலாங்கூரில் பாதிப் பேர் வாளியோடு நின்றோம். அப்போது மாடிக்குத் தண்ணீர் தூக்கியதில்தான் வீட்டுக்காரருடைய முட்டி முழுதாகப் போனது. பால்கனியில் துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில் இரண்டு தண்ணீர்த் தோங் வைக்க மட்டும் ஒரு மூலை, அடியில் குழாயோடு. அங்கே பூந்தொட்டி வைக்க மகள் கேட்டாள், விடவில்லை. வாசல் கதவுக்கு மகன் கைரேகைப் பூட்டு வாங்கித் தருகிறேன் என்றான். நாற்பது ஆண்டு ரசாயனத்தில் புழங்கியதில் என் விரலில் ரேகை மங்கி, அரசாங்க அலுவலகத்திலேயே இயந்திரம் இரண்டு மூன்று முறை திணறும். சாவியே போதும் என்றேன்.

ஆவணியில் பால் காய்ச்சினோம். நாற்பது பேர் வந்தார்கள். கூரையில் வெறும் விளக்கு, ஜன்னலில் பழைய வீட்டுத் திரை. இருந்த ஒரே அலங்காரம் வாசலில் மாவிலைதான். நாத்தனார் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காசெல்லாம் எங்கம்மா போட்ட?" என்று கேட்டார். குளியலறைக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், மேடையில் ஏறி நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துப் பட்டறைக்காரரின் நம்பர் கேட்டுப் போன் செய்தார்.

ஒதுக்கிய 30,000இல் மற்றச் சின்ன வேலைகளும் சேர்த்து 22,500 செலவானது, பிறகு பிளக்குக்கு அந்த நானூறு. மிச்சம் இபிஎஃபிலேயே இருக்கிறது. சீலிங் இன்னும் போடவில்லை. மேற்குப் பார்த்த அறைக்கு நல்ல திரை மட்டும் போன ஆண்டு வாங்கினோம், அதுவும் ஒரு வெயில் காலம் முழுக்கப் பார்த்துவிட்டு. அம்மா இப்போது கம்பியைப் பற்றிக் குறை சொல்வதில்லை. துவைத்த கைலியை அதில்தான் காயப்போடுகிறார். எடுத்து வெளியே போட்டால் கோபம் வருகிறது.

வரும் ஜூனில் 24 மாதம் முடிகிறது. அதற்கு முன்னால் ஒருமுறை எல்லா ஓட்டையும் தட்டிப் பார்த்துவிட வேண்டும். காசு சமையலறை இழுப்பறையில், நீல டேப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.